முகப்புப் பக்கத்தைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தைச் செய்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எழுபது பக்கங்கள் இருக்கும். கைபேசியில் வருபவர்கள் நன்கொடைப் பக்கம் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தன்னார்வலராக எப்படிச் சேர்வது என்று போன் செய்து கேட்கிறார்கள். அந்தத் தகவல் தளத்திலேயே இருக்கிறது. புதிய வடிவமைப்புக்காக மூன்று முகப்புப் பக்க மாதிரிகள் வந்திருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று நிர்வாகக் குழுவில் முடிவாகவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு சிக்கல்களில் ஒன்றுகூட முகப்புப் பக்கத்தில் இல்லை. ஒன்று நன்கொடைப் படிவத்தில் இருக்கிறது, இன்னொன்று மெனுவில். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸில் லேண்டிங் பேஜ் அறிக்கையைத் திறந்து பாருங்கள். தேடல் வழியாகவும் வாட்ஸ்அப் இணைப்பு வழியாகவும் நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குபவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அவர்களில் பலர் முகப்பைப் பார்ப்பதே இல்லை.

முதல் வேலை, மக்கள் எதற்காக வருகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. இரண்டு வாரத்துக்கு அலுவலகத்துக்கு வரும் போன், மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். கூகுள் தேடல் விவரங்களைக் காட்டும் சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களைத் தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கைந்து தேவைகள்தான் திரும்பத் திரும்ப வரும்: நன்கொடை கொடுத்து ரசீது வாங்குவது, தன்னார்வலராகச் சேர்வது, பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, தனக்கோ தெரிந்தவருக்கோ உதவி கிடைக்குமா என்று அறிவது. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலான தளங்கள் மறந்துவிடுகின்றன. கொடுப்பவருக்காகவே தளம் கட்டப்படுகிறது. உதவி தேடி வருபவர் முகவரியைக்கூடத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து எழுபது பக்கங்களையும் ஒரு எக்செல் தாளில் போடுங்கள். பக்க முகவரி, கடைசியாகத் திருத்திய தேதி, கடந்த 12 மாதங்களில் பார்த்தவர் எண்ணிக்கை, யார் பொறுப்பு, என்ன முடிவு என ஐந்து நெடுவரிசைகள் போதும். முடிவு என்பது வைப்பது, திருத்துவது, இன்னொன்றோடு சேர்ப்பது, நீக்குவது ஆகிய நான்கில் ஒன்று. பொறுப்பாளர் பெயர் எழுத முடியாத பக்கம் புதிய தளத்துக்குப் போகக் கூடாது. போகிற போக்கில் பழைய புகைப்படங்களையும் பாருங்கள். பயனாளிக் குழந்தைகளின் முகமும் பெயரும் ஒப்புதல் இல்லாமல் கிடந்தால், புதிய தளம் வரும்வரை காத்திராமல் இன்றே எடுத்துவிடுங்கள்.

மெனு விஷயத்துக்கு வருவோம். தொண்டு நிறுவனங்களின் மெனு பெரும்பாலும் அலுவலகத்தின் பிரிவுகளை அப்படியே பிரதியெடுத்ததாக இருக்கும்: திட்டங்கள், முன்னெடுப்புகள், ஈடுபாடு, வள மையம். வெளியிலிருந்து வருபவருக்குத் திட்டத்துக்கும் முன்னெடுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ‘ஈடுபாடு’ என்ற தலைப்பின் கீழே தன்னார்வலர் படிவம் இருந்தால், அவர் போன்தான் செய்வார். ‘தன்னார்வலராகச் சேர’ என்று நேராகவே எழுதுங்கள். புதிய மெனுவை வரைகலை எதுவும் இல்லாமல் வெறும் தாளில் எழுதி, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஐந்து பேரிடம் காட்டுங்கள். “சென்ற ஆண்டு வரவுசெலவு அறிக்கை வேண்டும், எங்கே தொடுவீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறினால் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். ஐந்து பேர் போதுமா என்று குழுவில் கேட்பார்கள். பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்கப் போதும். திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் மறுபடி காட்டுவதுதான் பலன் தரும்.

நன்கொடைப் படிவத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சாதாரணக் கைபேசி ஒன்றை எடுத்து, மொபைல் டேட்டாவில், நீங்களே ஒரு சிறு தொகையைச் செலுத்திப் பாருங்கள். எத்தனை கட்டங்களை நிரப்பினீர்கள்? ரசீதுக்குச் சட்டப்படி தேவையானதைத் தவிர மற்றதையெல்லாம் நீக்குங்கள். ‘எங்களை எப்படி அறிந்தீர்கள்’ என்பதை நன்றிப் பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம். கணக்குத் தொடங்கினால்தான் நன்கொடை தரலாம் என்று ஒருபோதும் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டங்களில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி ஓரம் வெட்டுப்படும். பலருக்கு அதைப் பழையபடி சுருக்கத் தெரியாது. தொகைக் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும். ஒரு பிழை நேர்ந்தால், நிரப்பியது எல்லாம் அழியாமல், தவறான கட்டத்தின் அருகிலேயே காரணம் தெரிய வேண்டும். மூன்று நான்கு தொகைகளும் ‘வேறு தொகை’ ஒன்றும் கொடுங்கள். மாதாந்திர நன்கொடையை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். அறியாமல் மாட்டிக்கொண்டவர் வங்கியில் புகார் செய்வார், திரும்பி வரவும் மாட்டார்.

இணையத்தில் பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமெண்ட் கேட்வேயின் பக்கத்துக்குப் போனதும் உங்கள் பெயருக்குப் பதில் வேறொரு பெயர் தெரிந்தால், ஏமாற்று வேலையோ என்று பயந்து மூடிவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் நிறுவனப் பெயரும் லோகோவும் வரும்படி அமையுங்கள். ரசீது விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பணம் கட்டியவர் நன்றிப் பக்கம் வரும் முன்பே பிரவுசரை மூடிவிடுவார். ரசீதை நன்றிப் பக்கத்திலிருந்து அனுப்பும்படி செய்திருந்தால் அவருக்கு அது போகவே போகாது. கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹுக் செய்தியை வைத்துத்தான் ரசீது கிளம்ப வேண்டும். அதே செய்தி இரண்டு முறை வருவதும் உண்டு. பரிவர்த்தனை எண்ணைச் சரிபார்த்து ஒரே ரசீதாக நிறுத்துங்கள். இன்னொன்று: கேட்வேயை மாற்றினால் பழைய மாதாந்திர நன்கொடையாளர்களின் அட்டை அனுமதி தானாகப் புதியதற்கு வராது. இரு தரப்பிடமும் கேட்டுத் தெளிவாகும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு வேண்டும், பக்கம் திறக்கும்போது எழுத்தும் படமும் எவ்வளவு இடம் குதிக்கின்றன என்று காட்டும் மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது. முதல் அளவுகோல் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள். 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் ஏற்றுங்கள். படத்தின் அகலம், உயரத்தைப் பக்கத்தின் நிரலில் (HTML) எழுதினால் குதிப்பு நிற்கும். மேலே முதலில் தெரியும் படத்துக்கு லேசி லோடிங் (பார்வைக்கு வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை) வேண்டாம். அது படத்தைத் தாமதப்படுத்தவே செய்யும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாட்டு விகிதம் (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5க்கு 1 இருக்கட்டும். வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளர் திரையில் அழகாக இருக்கும், வெயிலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

தளம் மாறும் நாளில்தான் பெரிய சேதம் நடக்கும். பழைய பக்க முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்யுங்கள், அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். முன்பு போட்ட எக்செல் தாள் இங்கே கைகொடுக்கும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும். ஓராண்டாவது ரீடைரக்ட் இருக்கட்டும். தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்ல, சோதனைத் தளத்தில் போட்ட நோஇண்டெக்ஸ் குறியை நீக்க மறந்து, தேடலிலிருந்தே காணாமல் போன தளங்கள் உண்டு. ஹோஸ்டிங்கோடு, தளப் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் சேவையும் மாறினால், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும், யார் அனுப்பலாம் என்று சொல்லும் பழைய எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை முன்னரே படமெடுத்து வையுங்கள். விட்டுப்போனால் அலுவலக மின்னஞ்சல் நிற்கும் அல்லது ரசீதுகள் ஸ்பாமில் விழும். நன்கொடை அதிகம் வரும் மாதத்துக்கு முந்தைய வாரத்தில் மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பின் அந்த மூன்று மாதிரிகளையும் எடுங்கள். படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடர் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரே வரி, முன்பு கண்டுபிடித்த நான்கைந்து தேவைகளுக்கான இணைப்புகள், செய்த வேலைக்குச் சான்றாக ஒரு படமும் ஓர் எண்ணும். இவ்வளவையும் கைபேசித் திரையில் இரண்டு முறை தள்ளுவதற்குள் காட்டும் மாதிரி எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே காட்டினால் நிறம் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.