விஎம்முக்குள் டைமர் பிந்துகிறதா? – கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். லினக்ஸும், அதில் விஎம்களை (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் கேவிஎம்மும்தான் எனக்குத் தெரிந்தவை. கேட்பவரின் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

புதுவயல்: அண்ணே, எங்க அரிசி ஆலையில் மூட்டை எடை போடும் நிரல் விஎம்மில் ஓடுகிறது. 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழணும். அடிக்கடி பிந்துகிறது.

தம்பி, நம்மூர் பெரிய வீட்டில் முகப்பில் நின்று கூப்பிட்டால், வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில் தூங்குகிறவர் காதுக்கு எட்டணும் இல்லையா? கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் லினக்ஸ், அந்த இரண்டாங்கட்டுதான். ஹோஸ்ட், அதாவது அதைத் தாங்கும் நிஜக் கணினி, முகப்பு. வேலையில்லாத கெஸ்ட் ஹால்ட் (சிபியுவை நிறுத்திவைக்கும் கட்டளை) போட்டதும் அதன் விசிபியு (மெய்நிகர் சிபியு) த்ரெட் ஹோஸ்ட்டில் தூங்கிவிடும். நேரம் வந்ததும் ஹோஸ்ட் சிபியு சி-ஸ்டேட்டை (மின்சாரம் மிச்சம் பிடிக்கும் தூக்க நிலையை) விட்டு எழணும், எதை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அந்த த்ரெட்டை எடுக்கணும், கெஸ்ட்டுக்குள் திரும்ப நுழைந்து இன்டரப்ட் (நேரமாயிற்று என்ற சைகை) கொடுக்கணும், பிறகு கெஸ்ட் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உன் நிரலை எழுப்பணும்.

தூங்குவதற்கு முன் கேவிஎம் கொஞ்ச நேரம் விழித்துக் காத்திருக்கும். இதற்குப் பெயர் ஹால்ட் போலிங். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இதன் வழக்கமான வரம்பு 2,00,000 நானோசெகண்ட், அதாவது 0.2 மில்லிசெகண்ட். உன் சுற்று 1 மில்லிசெகண்ட், அதனால் பெரும்பாலும் தூங்கியே போகும். ஹோஸ்ட்டில் வரம்பை 10 லட்சம் நானோசெகண்டுக்கு மேல் வை. அந்த விசிபியு ஓடும் கோரில் (சிபியுவின் ஒரு பகுதியில்) வேறு வேலை காத்திருந்தால் போலிங் நின்றுவிடும், அதனால் கோரைத் தனியே ஒதுக்கி விசிபியுவை அதில் கட்டிப்போடு. ஆழ்ந்த சி-ஸ்டேட்டுகளையும் நிறுத்து.

இதெல்லாம் பிறகு. முதலில் ஹோஸ்ட்டில் சைக்ளிக்டெஸ்ட் (எழுவதில் ஆகும் தாமதத்தை அளக்கும் நிரல்) ஓட்டு. அங்கேயே பிந்தினால் கெஸ்ட்டைத் தொட்டுப் பயனில்லை. அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் எந்த விஎம்மையும் நம்பி விடாதே, நேராக வயரில் இணை.

கல்லூரி மாணவி, காரைக்குடி: சார், என் நிரல் எப்போதுமே 55 மைக்ரோசெகண்ட் பிந்தி எழுகிறது. விஎம் இல்லாமல் ஓட்டினாலும் அப்படித்தான்.

ஹோஸ்ட்டிலும் அளந்து பார்த்தீர்களே, அதுதான் சரியான முறை, அம்மா. சாதாரண நிரலின் உறக்கத்துக்கு லினக்ஸ் 50 மைக்ரோசெகண்ட் டைமர் ஸ்லாக் (பிந்தி எழுப்பலாம் என்ற சலுகை) தருகிறது. ஃபிஃபோ எனும் நிகழ்நேர முன்னுரிமையில் ஓட்டுங்கள், அது போய்விடும்.

கண்டனூர்: விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ்...

அது என் துறை இல்லை. அதில் பழகியவரைக் கேளுங்கள்.

தேவகோட்டை: எதற்கு இவ்வளவு பாடு? கெஸ்ட்டில் ஐடில்=போல் (வேலையில்லாதபோதும் தூங்காதே என்ற கெர்னல் அமைப்பு) போட்டேன், தீர்ந்தது.

பள்ளத்தூர்: நானும் போட்டேன். 4 கோரில் 6 விஎம், முன்னைவிட மோசமானது.

பள்ளத்தூர் அண்ணன் சொல்வது நியாயம். அப்படிப் போட்ட கெஸ்ட் ஹால்ட்டே போடாது, கோரை முழுநேரமும் தின்னும். ஒதுக்கிய கோர் இருந்தால் நல்லதுதான். பகிர்ந்த கோரில் ஷெட்யூலர் அதன் பங்கு தீர்ந்ததும் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். அந்த நேரத்தில் டைமர் அடித்தால் மில்லிசெகண்டுக் கணக்கில் காத்திருக்கணும்.

தேவகோட்டை: என்னுடையது ஒதுக்கிய கோர்தான்.

அப்படியென்றால் உங்களுக்குச் சரி. சித்திரை வெயிலில் சிபியு சூட்டைப் பாருங்கள், சூடேறினால் வேகம் தானே குறையும்.

திருப்பத்தூர்: என் விஎம்மும் பிந்துகிறது, என்ன செய்ய?

ஹோஸ்ட்டில் அளந்தீர்களா?

கோட்டையூர்: எனக்கும் அதே.

அளந்துவிட்டு எண்ணோடு வாருங்கள்.

கானாடுகாத்தான்: வாடகை கிளவுடில் ஹோஸ்ட் நம் கையில் இல்லையே?

டாப் கட்டளையில் ஸ்டீல் எண்ணை (உங்கள் விசிபியு ஓட இடமின்றிக் காத்திருந்த நேரத்தை) பாருங்கள். ஏறி இறங்கினால் உங்கள் கோரை வேறு யாரோ பகிர்கிறார்கள், தனிக் கோர் தரும் திட்டத்துக்கு மாறுங்கள். ஏறவில்லையென்றால் ஹால்ட் போடும் முன் கெஸ்ட்டையே கொஞ்ச நேரம் விழித்திருக்க வைக்கும் ஹால்ட்போல் டிரைவரை கெஸ்ட்டில் போட்டுப் பாருங்கள், கெர்னல் 5.4 முதல் இருக்கிறது.