தூக்கம் வரலையா? மிஸ்ஸிகிட்ட கேளுங்க

வணக்கம். நான் மலேசியால பினாங்குல ஆஸ்பத்திரி நர்ஸா, இங்க சொல்ற மாதிரி மிஸ்ஸியா, இருந்து ரிட்டையர் ஆனவ. கடைசில பல வருஷம் தூக்கப் பரிசோதனை ரூம்ல தான் நைட் டியூட்டி, அதாவது பேஷண்ட் தலைல நெஞ்சுல எல்லாம் வயர் ஒட்டி விட்டுட்டு, அவங்க தூங்குறத பக்கத்து ரூம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற வேலை. டாக்டர் இல்ல, அதனால யாரோட மருந்தயும் கூட்டு குறைன்னு சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் இப்பவே சொல்லிடுறேன், ராத்திரி என்ன சாப்பிட்டா தூக்கம் வரும்னு தான் முக்காவாசி பேரு கேட்டிருக்கீங்க, நான் காலைல எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறீங்கன்னு தான் திருப்பிக் கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (ஜெலுத்தோங், 52 வயசு ஆன்ட்டி): மிஸ்ஸி, 10 மணிக்கே படுத்துடுறேன், ஆனா 1 மணி வரைக்கும் கண்ணு கொட்ட கொட்ட முழிச்சிருக்கேன். பால், வாழப்பழம், தைலம், எல்லாம் பாத்தாச்சு. வேலை நாள்ல 6 மணிக்கு எழுந்திரிப்பேன், ஞாயித்துக்கிழமை மட்டும் 10 மணி வரைக்கும் தூங்கிடுவேன்.

பதில்: ஆன்ட்டி, அந்த ஞாயித்துக்கிழமைல தான் விஷயம் இருக்கு. நம்ம தூக்கத்த ரெண்டு விஷயம் நடத்துது. ஒண்ணு, முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளைல அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே வரும், அது சேர சேர தான் தூக்கம் அழுத்தும். இது பசி மாதிரி, சாயங்காலம் பிஸ்கட்ட தின்னுட்டு ராத்திரி சோறு இறங்கலைன்னா சோத்த குறை சொல்லக் கூடாது. 10 மணிக்கு எழுந்துட்டு அதே நாள் ராத்திரி 10 மணிக்கு படுத்தா பசியே எடுக்காது. ரெண்டாவது, மூளைக்குள்ள இருக்கிற கடிகாரம், அது கண்ணுல படுற வெளிச்சத்த வச்சு தான் தன்ன சரி பண்ணிக்குது.

இங்க நமக்குனு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. 1982 ஜனவரி 1ல தீபகற்ப மலேசியால கடிகாரத்த அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, கிழக்க கடல் தாண்டி இருக்கிற சபா சரவாக் நேரத்தோட சேத்தாங்க, வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால பினாங்குல சூரியன் வர்றதுக்கு 7, சில மாசம் 7 அரை கூட ஆயிடுது, நாமளோ 5 அரைக்கும் 6க்கும் இருட்டுல எழுந்து லைட்ட போட்டு குளிச்சு காருக்குள்ள ஏறி ஆபீசுக்குள்ள போயிடுறோம், காலை வெளிச்சம் கண்ணுலயே படுறதில்ல. அப்புறம் ராத்திரி 11 மணிக்கு வீட்ல டியூப்லைட்டு, கைல ஹேண்ட்ஃபோன். கடிகாரத்துக்கு எது பகல் எது ராத்திரின்னு எப்படித் தெரியும்?

ஆன்ட்டி நீங்க செய்ய வேண்டியது இவ்ளோ தான். ஏழு நாளும் ஒரே நேரம் எழுந்திரிங்க, ஞாயித்துக்கிழமை வேணும்னா ஒரு மணி நேரம் சலுகை. விடிஞ்சதும் ஒரு 20 நிமிஷம் வெளிய நில்லுங்க, நடங்க, ஃபிளாட்டுக்கு கீழ துணி காயப்போட்டாலும் சரி, மேகமா இருந்தாலும் வீட்டு லைட்ட விட வெளிய பல மடங்கு வெளிச்சம். ராத்திரி 10க்கு படுக்காதீங்க, 11 அரைக்கு, அதுவும் கண்ணு சொக்கினா தான். படுத்து ஒரு 20 நிமிஷம் இருக்கும்னு தோணுறப்பவே தூக்கம் வரலைன்னா எழுந்து ஹாலுக்கு வந்து மங்கின வெளிச்சத்துல எதாவது துணி மடிங்க, தூக்கம் வந்ததும் திரும்பப் போங்க. இது என்னோட கண்டுபிடிப்பு இல்ல, ரிச்சர்ட் பூட்சின்னு ஒரு அமெரிக்க உளவியல் நிபுணர் 1972லயே சொன்னது, இன்னிக்கும் தூக்க கிளினிக்ல முதல்ல சொல்லிக் கொடுக்கிறது இது தான். படுக்கைனா முழிச்சுக்கிட்டு கவலைப்படுற இடம்னு மூளை பழகியிருக்கு, அந்தப் பழக்கத்த உடைக்கணும். முதல் வாரம் இன்னும் மோசமா இருக்கும், திட்டிக்கிட்டே செய்ங்க. சுவத்து கடிகாரத்த மட்டும் ரூம்ல இருந்து கழட்டிடுங்க.

கேள்வி (பாலிக் புலாவ், அக்கா): எங்க வீட்டுப் பக்கம் ஜாதிக்காய் தோட்டம். பாட்டி பால்ல ஜாதிக்காய் உரசிக் குடுப்பாங்க, கொழந்தைக்கும் உரசி நாக்குல வைப்பாங்க. செய்யலாமா?

பதில்: பெரியவங்க ஒரு சிட்டிகை, கல்லுல ரெண்டு உரசு உரசுற அளவு, தாராளமா. தூக்கம் வரலைன்னு சொல்லி ஸ்பூன் கணக்குல போடாதீங்க, ஒரு டீஸ்பூன் ரெண்டு டீஸ்பூன் போனாலே நெஞ்சு படபடப்பு, வாந்தி, இல்லாதது கண்ணுக்குத் தெரியிறதுன்னு ஆஸ்பத்திரில படுத்துக்கிற நிலைமை வரும். கைக்கொழந்தைக்கு ஜாதிக்காயும் வேணாம், கசகசா தண்ணியும் வேணாம். கொழந்தை அழுகைய நிறுத்துற எதுவா இருந்தாலும் மூச்சயும் மந்தமாக்குமோன்னு தான் முதல்ல பயப்படணும். பாட்டி மேல மரியாதை இருக்கு, ஆனா இதுல பாட்டி பேச்ச கேக்க வேணாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிஃப்ட், தம்பி): அக்கா, ராத்திரி 7ல இருந்து காலைல 7 வரைக்கும் வேலை. மோட்டார்ல பாலம் தாண்டி பிறை வரைக்கும் போகணும். பாலத்துல பாதிலயே கண்ணு இழுக்குது. வீட்டுக்கு வந்தா 3 மணி நேரம் தான் தூக்கம், அப்புறம் முழிப்பு.

பதில்: தம்பி, மொதல்ல பாலத்த பேசுவோம், தூக்கத்த அப்புறம் பேசலாம். ஒரு மனுஷன் தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா அவன் கையும் கண்ணும் வேலை செய்ற வேகம், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிறவன் அளவுக்கு எறங்கிடுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. நீ முந்தின நாள் மத்தியானம் 2 மணிக்கு எழுந்திருந்தா காலைல 7 மணிக்கு சரியா 17 மணி நேரம். மேல ஹெல்மெட், கீழ கடலு, பக்கத்துல லாரி. அதனால பஞ்ச் கார்டு தட்டினதும் வண்டிய எடுக்காத, ரெஸ்ட் ரூமோ கேன்டீனோ எங்கயாவது தலைய சாச்சு 20 நிமிஷம் தூங்கு, எழுந்து மூஞ்சி கழுவிட்டு கெளம்பு. பாட்டு சத்தமா வைக்கிறது, கன்னத்துல அடிச்சுக்கிறது, ஹெல்மெட் கண்ணாடிய தொறந்து காத்து வாங்குறது, இதெல்லாம் தூக்கத்த நிறுத்தாது. கம்பெனி பஸ் இருந்தா பேசாம அதுல ஏறு, அரை மணி நேரம் கூட ஆனாலும் பரவால்ல.

பகல்ல 3 மணி நேரத்துல முழிப்பு வர்றது உன் தப்பு இல்ல, உள்ள இருக்கிற கடிகாரம் இப்ப பகல்னு எழுப்பி விடுது. அத முழுசா ஏமாத்த முடியாது, கொஞ்சம் ஏமாத்தலாம். ஜன்னலுக்கு தடி கர்ட்டன் வாங்க காசில்லைனா அலுமினியத் தாள ஒட்டு, பாக்க அசிங்கமா இருக்கும் ஆனா வேலை செய்யும். ஃபேன் சத்தம் வெளிய இருந்து வர்ற சத்தத்த மறைக்கும். கோப்பி ஷிஃப்டோட முதல் பாதில மட்டும், 1 மணிக்கு மேல தொடாத. காலைல வந்ததும் 4, 5 மணி நேரம் தூங்கு, சாயங்காலம் கெளம்புறதுக்கு முன்ன இன்னொரு ஒன்றரை மணி நேரம், ரெண்டும் சேந்தா கணக்குல வரும். வீட்ல ஒரு போர்டு எழுதி மாட்டு, கேஸ்காரரு ஹார்ன் அடிச்சாலும் எழுப்பாதீங்கன்னு. அம்மாவுக்கு இது வெளங்குறது தான் கஷ்டம், மகன் பகல்ல தூங்குனா சோம்பேறின்னு நெனைக்கிற தலைமுறை. அவங்கள ராத்திரி 2 மணிக்கு எழுப்பி மார்க்கெட்டுக்கு அனுப்புற மாதிரி தான் உன்ன பகல் 2 மணிக்கு எழுப்புறதுன்னு சொல்லிப் பாரு.

ஷிஃப்ட் மாத்துறப்ப காலை, மத்தியானம், ராத்திரின்னு முன்னோக்கிப் போற மாதிரி கேட்டு வாங்க முடிஞ்சா வாங்கு, பின்னோக்கிப் போறது ஒடம்புக்கு இன்னும் கஷ்டம்.

கேள்வி (பட்டர்வொர்த், தங்கச்சி): மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரர் கொறட்டை பக்கத்து வீட்டுக்கே கேக்கும். தேன்ல மஞ்சள் கலந்து குடுக்கிறேன், குறையல. 8 மணி நேரம் தூங்குறாரு ஆனா சிக்னல்ல காரு நிக்கிறப்ப கூட தூங்கிடுறாரு. ரத்தக் கொதிப்பு மாத்திரை ரெண்டு போடுறாரு.

பதில்: தங்கச்சி, கொறட்டை நடுவுல சத்தம் திடீர்னு நின்னு போகுதா? நீங்க எழுதலைன்னாலும் கேக்குறேன், ஏன்னா அந்த நிசப்தம் தான் முக்கியம், சத்தம் இல்ல.

பரிசோதனை ரூம்ல நான் பாத்தத சொல்றேன். ஆளு மல்லாக்க படுத்து நல்லா கொறட்டை விடுவாரு. திடீர்னு மூக்குல வச்ச டியூப்ல காத்துக் கோடு படுத்துடும், நேர்கோடு. ஆனா நெஞ்சுல கட்டின பெல்ட்டோட கோடு மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும், அதாவது மூச்சு விட நெஞ்சு முயற்சி பண்ணுது, தொண்டை மூடிக்கிச்சு, காத்து போகல. 10 செகண்ட், 20, சில பேருக்கு 40க்கு மேல. விரல்ல மாட்டின கிளிப்ல ஆக்சிஜன் 96ல இருந்து 80க்கு வழுக்கிக்கிட்டு வரும். அப்புறம் மூளைக் கோடு துள்ளும், ஆளு ஒரு பெரிய உறுமலோட மூச்ச இழுப்பாரு, திரும்பவும் தூக்கம். முழிச்சதே அவருக்குத் தெரியாது. மணிக்கு 30 தடவைக்கு மேல இப்படி நடந்தா அது கடுமையான ஸ்லீப் ஆப்னியான்னு கணக்கு. காலைல எழுந்து நல்லா தூங்கினேன் மிஸ்ஸின்னு சொல்லுவாங்க பாருங்க, அப்ப தான் எனக்கு சிரிப்பும் வரும் பாவமாவும் இருக்கும்.

இது தேனுக்கும் மஞ்சளுக்கும் அடங்காது. ஒவ்வொரு தடவை மூச்சு நின்னு வர்றப்பவும் ரத்த அழுத்தம் எகிறுது, அதனால தான் மாத்திரைக்கு அடங்காத கொதிப்பு இருக்கிறவங்ககிட்ட டாக்டருங்க கொறட்டைய கேக்குறது. இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), இருதயம், பக்கவாதம் எல்லாத்தோடயும் இதுக்கு சம்பந்தம் இருக்கு. நம்ம ஆளுங்க பாக்க குண்டா இல்லாட்டியும் கழுத்து தொண்டை அமைப்பால வரும். அவரு தூங்குறப்ப ஹேண்ட்ஃபோன்ல ஒரு 3 நிமிஷம் வீடியோ எடுங்க, அத எடுத்துக்கிட்டு கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்க கிளினிக்குக்கு போயி பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் கேளுங்க. சிபேப்னு ஒரு மாஸ்க் மெஷின் இருக்கு, காத்த லேசா அழுத்தி தொண்டைய தொறந்து வைக்கும், 1981ல சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்தது. மாட்டிக்கிட்டு தூங்குறது ஆரம்பத்துல எரிச்சலா தான் இருக்கும். அது வரைக்கும் ஒருக்களிச்சு படுக்கட்டும், எடைய குறைக்கட்டும், ராத்திரில தண்ணி அடிக்கவே கூடாது, அது தொண்டைய இன்னும் தளர விடும். நீண்ட தூரம் அவர வண்டி ஓட்ட விடாதீங்க, பாலிக் கம்போங்னு சொந்த ஊருக்குப் போறப்ப எல்லாம் நீங்க ஓட்டுங்க.

கேள்வி (ஆயர் ஈத்தாம், அண்ணன்): ராத்திரி 10 மணிக்கு மாமாக் கடைல தே தாரிக், அதான் ஆத்தின பால் டீ, குடிச்சுட்டு படுத்தவுடனே தூங்கிடுவேன். என்ன ஒண்ணும் பண்ணாதுலா.

பதில்: தூங்கிடுவீங்க அண்ணே, இல்லைன்னு சொல்லல. டீ, கோப்பில இருக்கிற கஃபீன் ஒடம்புல பாதியா குறையவே 5, 6 மணி நேரம் ஆகும், அடினோசினோட இடத்துல போயி அது உக்காந்துக்கும், அதனால தூக்கம் மேலோட்டமா போகும். காலைல அலுப்போட எழுந்து மறுபடி ஒரு கோப்பி. ரெண்டு வாரம் மத்தியானத்தோட நிறுத்திப் பாத்துட்டு வந்து சண்டை போடுங்க.

கேள்வி (குளுகோர், அம்மா): மகளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம், ஸ்கூல் முடிக்கிற அரசாங்கப் பரீட்சை. டியூஷன் முடிஞ்சு வந்து 1 மணி வரைக்கும் படிக்கிறா, 5 அரைக்கு எழுப்புறேன். விடியக்காலைல படிச்சா மண்டைல ஏறும்னு சொல்றாங்களே?

பதில்: ஏறும், 9 மணிக்கு படுத்தவங்களுக்கு. அந்தக் காலத்துல மண்ணெண்ணெய் விளக்க அணைச்சுட்டு சீக்கிரம் படுத்தவங்க சொன்ன பேச்சு அது. உங்க மக 4 அரை மணி நேரம் தூங்குறா, அந்த வயசுக்கு 8ல இருந்து 10 வேணும். ஆழ்ந்த தூக்கம் ராத்திரியோட முன் பாதில நெறைய வரும், கனவு வர்ற தூக்கம் விடியக்காலைப் பக்கம் தான் நீளும். பகல்ல படிச்சத மூளை எடுத்து அடுக்கி வைக்கிறது தூக்கத்துல தான். நீங்க 5 அரைக்கு எழுப்புறப்ப அந்தப் பின்பாதி அப்படியே போயிடுது. அதோட, பருவ வயசுல உள்ள கடிகாரமே ரெண்டு மணி நேரம் வரைக்கும் பின்னால தள்ளிப் போயிடும், 10 மணிக்கு அவளுக்கு தூக்கம் வராதது அடம் இல்ல. வாரத்துல ஒரு டியூஷன வெட்டுங்க. எதன்னு அவகிட்டயே கேளுங்க, சரியா சொல்லுவா.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): ஆன்லைன்ல தூக்கத்துக்குன்னு அமுக்கிரா (அஸ்வகந்தா) கேப்சூல் விக்கிறாங்க, இயற்கைன்னு போட்டிருக்கு. சாப்பிடலாமா?

பதில்: சின்னச் சின்ன ஆராய்ச்சிகள்ல தூக்கத்துக்கு கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு, பெருசா இல்ல. கல்லீரல் பாதிச்ச கேசும் இருக்கு, டென்மார்க் 2023ல தடையே பண்ணிட்டாங்க. கர்ப்பிணிங்க, தைராய்டு மாத்திரை போடுறவங்க தொடவே வேணாம். எந்த டப்பாவா இருந்தாலும் எம்ஏஎல்னு (MAL) ஆரம்பிச்சு நம்பரு, கடைசில டின்னு (T) எழுத்து இருக்கான்னு பாருங்க, பதிவு பண்ணின பாரம்பரிய மருந்துக்கு அது இருக்கணும். அந்த நம்பர, மருந்துகள பதிவு பண்ற அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையதளத்துல போட்டுத் தேடலாம்.

கேள்வி (சுங்கை டுவா, ஆன்ட்டி): ஏர்கோன் போட்டா பில்லு, போடலைன்னா வேர்வை.

பதில்: ஒடம்பு உள்சூடு கொஞ்சம் எறங்கினா தான் தூக்கம் வரும். படுக்கிறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்ன வெதுவெதுன்னு குளிங்க, தோலுக்கு ரத்தம் வந்து சூடு வெளிய போயிடும். எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னிக்கு சொக்குறதுல இதுவும் ஒரு காரணம். ஏர்கோன் 25ல வச்சு ஃபேன போடுங்க, ரெண்டு மணி நேரத்துல அணையிற மாதிரி டைமர் வைங்க.

கேள்வி (நிபோங் திபால், 68 வயசு ஐயா): தூக்க மாத்திரை நாலஞ்சு வருஷமா போடுறேம்மா. விடணும்னு ஆசை.

பதில்: ஐயா, இன்னிக்கே தூக்கிப் போட்டுடாதீங்க, திடீர்னு நிறுத்தினா தூக்கம் முன்ன விட மோசமாகும், சிலருக்கு வலிப்பு கூட வரும். எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே சொல்லி வாரக் கணக்குல, மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும். உங்க வயசுல அந்த மாத்திரையோட ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பு ஒடையிறது தான் எனக்குப் பெரிய பயம், அதனால போற வழில ஒரு சின்ன லைட்டு இப்பவே போட்டுடுங்க. வாரத்துல 3 நாளாவது தூக்கம் கெட்டு 3 மாசத்துக்கு மேல ஓடினா அது நாள்பட்ட தூக்கமின்மை, அதுக்கு மாத்திரைக்கு முன்னால சிபிடி-ஐன்னு ஒரு பேச்சு பயிற்சி சிகிச்சைய தான் குடுக்கணும்னு 2016ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்னு அங்க இருக்கிற டாக்டருங்க சங்கமே சொல்லிடுச்சு, ஜெலுத்தோங் ஆன்ட்டிக்கு நான் சொன்னது அதுல ஒரு பங்கு தான். ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க ஐயா, படுத்தது, தூங்கினதுன்னு தோணினது, எழுந்தது, பகல்ல நாற்காலில சாஞ்சது, கோப்பி குடிச்சது. சீரியல் பாத்துக்கிட்டே கண்ணசந்தா அதையும் எழுதணும், விடக் கூடாது. டாக்டர பாக்கப் போறப்ப மாத்திரை டப்பாவோட அந்த நோட்டயும் கொண்டு போங்க.