ஸ்லீப் லேபில் ராத்திரி வேலை எப்படி இருக்கும்?

ஸ்லீப் லேபில், அதாவது தூக்கக் கோளாறுகளைப் பரிசோதிக்கும் இடத்தில், வேலை கிடைத்திருக்கிறது, ராத்திரி முழுக்க ஒருவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானா, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அதுதான் அதில் கஷ்டமும். சென்னையில் ஆறு வருடமாகச் செய்கிறேன்.

நோயாளி எட்டரை மணிக்கு வருவார். மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளந்து, அதில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்துக் குறித்த இடங்களில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று முன்பே சொல்லியிருப்போம். இருந்தாலும் பாதிப் பேர் தேங்காய் எண்ணெயோடுதான் வருவார்கள், துடைத்துத் துடைத்து ஒட்டுவோம். கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால், மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப், மார்பிலும் வயிற்றிலும் பெல்ட். முக்கால் மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். இத்தனை வயரோடு எப்படித் தூங்குவது என்ற பயம் பேசினால்தான் குறையும். கூட வரும் மனைவியிடமும் கேளுங்கள். "குறட்டை கூடப் பரவாயில்லை தம்பி, அது திடீர்னு நிக்கும் பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே போகும்" என்று ஒரு அம்மா சொன்னார். டாக்டருக்கு எழுதும் குறிப்பில் அதை அப்படியே சேர்த்தேன்.

அவர் சொன்னதை நான் முதன்முதலில் திரையில் பார்த்த ராத்திரி மறக்காது. மூக்குக் குழாயின் கோடு தட்டையாகிவிட்டது. மார்பு பெல்ட்டும் வயிற்று பெல்ட்டும் மட்டும் எதிரும் புதிருமாக ஆடுகின்றன. தொண்டை அடைத்துக்கொண்டு, உடம்பு காற்றுக்குப் போராடுகிறது. 10 விநாடி நின்றாலே மூச்சுத்தடை என்று கணக்கு. அன்று படுத்திருந்தவருக்கு 45 விநாடி. ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்திலிருந்து 78க்கு இறங்கியது. எழுந்து ஓடப் போனேன். சீனியர் அக்கா கையைப் பிடித்தார். "உட்காரு, அவரே முழிச்சு மூச்சு விடுவார். வருஷக்கணக்கா தினமும் இப்படித்தான் தூங்குறார். இன்னைக்குத்தான் ஒருத்தர் பார்க்கிறாங்க." சொன்னபடியே மூளை அலைகள் ஒரு கணம் துள்ளின, பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. எப்போது உட்கார வேண்டும், எப்போது உள்ளே போக வேண்டும், டாக்டரை எப்போது எழுப்ப வேண்டும் என்பதற்கு லேபில் எழுதி வைத்த விதிகள் இருக்கும். முதல் நாளே அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எனக்குப் பிடித்தது சிபேப் போடும் ராத்திரி. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை அடைக்காமல் வைக்கும் கருவி அது. 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் இந்த முறையை வெளியிடும் முன், இந்த மூச்சுத்தடை முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுத்தான் காப்பாற்றினார்கள். இப்போது ஒரு மாஸ்க். 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றுவோம். மல்லாந்து படுத்து, கனவுத் தூக்கத்தில் இருக்கும்போதும் மூச்சு தடைபடாத அளவு கிடைக்க வேண்டும். அது கிடைத்ததும் அறையில் குறட்டைச் சத்தம் நின்றுவிடும். காலையில் "இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு" என்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்கோரிங், அதாவது ராத்திரி பதிவானதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் குறிப்பது. 30 விநாடிக்கு ஒரு பக்கம், 8 மணி நேரத்துக்கு 960 பக்கம். ஒவ்வொன்றிலும் தூக்க நிலை குறித்து, தடைகளை எண்ண வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 5 தடைக்குக் கீழே என்றால் இயல்பு, 30ஐத் தொட்டால் தீவிரம். அவசரப்பட்டால் ஒருவரின் சிகிச்சையே மாறிவிடும்.

சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: ராத்திரிக்கு ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? இரண்டு பேர் என்றால் சரி. முன்பு ஓரிடத்தில் என்னிடம் மூன்று பேரைக் கொடுத்தார்கள். ஓர் அறையில் கழன்ற வயரை ஒட்டும்போது அடுத்த அறையில் மாஸ்க் கசியும். எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல் நாலே மாதத்தில் விலகினேன். மூன்று என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.