கமாண்டோ படையில் பணியாற்றுவது ஒரு மனிதனை எப்படி மாற்றும்?

தம்பி கடற்படையில் இருக்கிறான், கமாண்டோ பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், தேர்வாகிவிட்டால் பத்து வருடம் கழித்து அதே தம்பியாகத் திரும்புவானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படையில் இருந்தவன் இல்லை. என் அக்கா கணவர் கடற்படையின் மார்கோஸ் என்ற கமாண்டோ பிரிவில் இருந்து 2016ல் ஓய்வு பெற்று வந்தவர். ஒரே தெரு என்பதால் அவரைப் படைக்குப் போவதற்கு முன்பும் எனக்குத் தெரியும், இப்போது தினமும் பார்க்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “ஊர் பேரு, என் பேரு, எங்கெங்க இருந்தேன்னு எதுவும் போடாத மாப்ள” என்றார். மூன்றாவதை எங்களிடமே அவர் சொன்னதில்லை.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே கடலை ஒட்டி இருக்கிறது. மச்சானின் அப்பா சங்கு குளித்தவர். அந்தக் காலத்தில் குளிப்பவர் இடுப்பில் கயிறு இருக்கும், வள்ளத்தில் ஒருவர் மறுமுனையைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் சுண்டியதும் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்கு அவனைவிட யார் காவல்? மச்சான் சிறுவயதில் அந்த வள்ளத்தில் உட்கார்ந்து, தன் தாய்மாமன் கையையே பார்த்துக்கொண்டு வளர்ந்தவர். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்தவரை படை அவருக்குள் புதிதாக எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு குணத்தை எடுத்து, அளவுக்கு மீறி வளர்த்துவிட்டது. அது வளர்ந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த சில குணங்கள் நிழல் விழுந்து காய்ந்து போயின.

அந்தக் குணம், கூட இருப்பவனைக் கணக்கில் வைத்துக்கொள்வது.

மார்கோஸ் 1987ல் தொடங்கப்பட்ட பிரிவு. கடற்படையில் ஏற்கெனவே இருப்பவர்கள்தான் விருப்பத்தின் பேரில் பெயர் கொடுக்க முடியும். முதல் மூன்று நாள் உடல்தகுதிச் சோதனையிலேயே பலர் கழிந்துவிடுவார்கள். பிறகு ஐந்து வாரம் சரியான தூக்கம் இல்லாமல் வாட்டி எடுப்பது. அதையும் தாண்டினால் மும்பையில் ஐ.என்.எஸ். அபிமன்யு தளம், கொச்சியில் முக்குளிப்புப் பள்ளி, ஆக்ராவில் பாராசூட் என்று எல்லாம் முடிய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். எல்லோரும் இதை உடம்பு பலத்துக்கான சோதனை என்று நினைக்கிறார்கள். மச்சான் எனக்கு விவரித்தது ஒரே ஒரு பயிற்சியைத்தான். தொடையளவு சேற்றில் முதுகுச் சுமையோடு எண்ணூறு மீட்டர் ஊர்ந்து, தடைகளைத் தாண்டி ஓடி, நெஞ்சு அடைக்கிற மூச்சிரைப்போடு இலக்கைச் சுட வேண்டும். இலக்குக்குப் பக்கத்திலேயே ஜோடிக்காரன் நிற்பான். அடுத்த முறை நீ போய் நிற்க வேண்டும், அவன் சுடுவான்.

தண்ணீருக்கடியிலும் ஜோடிதான். இருட்டில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, இருவரையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் மச்சான் சிரித்தார். “எங்க அப்பா வேலைதான் மாப்ள, கவர்மெண்டு சம்பளத்துல” என்றார்.

ஊருக்கு வந்த பிறகு நான் கவனித்த முதல் மாற்றம், அவர் எண்ணுகிறார் என்பது. ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்துப் பதினோரு பேர். நெரிசலில் மச்சான் கடைசியில் நடந்து வந்தார். கொஞ்சம் நேரத்துக்கு ஒருமுறை அவர் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவதைப் பார்த்தேன். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பஸ் ஏறியதும் கேட்டபோதுதான் சொன்னார், எங்களை எண்ணிக்கொண்டிருந்தாராம். அன்று பஜ்ஜிக் கடை, ராட்டினம், கூட்டின் வெளிச்சம் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்தோம். அவர் எங்களை மட்டும்தான் பார்த்தார். படைக்குப் போவதற்கு முன் ராட்டினத்தில் முதல் ஆளாக ஏறியவர் அவர்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடது காது பாதிதான் கேட்கும், வருடக்கணக்கான வெடிச்சத்தமும் ஆழத்தின் அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. முழங்கால் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. கல்யாண வீடுகளில் பந்திப்பாயில் உட்கார முடியாமல் நாற்காலி கேட்பார். “பட்டாளத்துத் திமிரு” என்று சொன்னவர்கள் உண்டு. இடது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்ட பெரியவர்களும் உண்டு. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு முழங்கால் போகும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 2008 மும்பைத் தாக்குதலில் தாஜ் ஓட்டலுக்குள் போன மார்கோஸ் வீரர் பிரவீன் குமார் தியோத்தியா, குண்டு பாய்ந்து நுரையீரலும் காதும் பாதிக்கப்பட்டு, சௌர்ய சக்ரா பெற்று, பிற்பாடு மாரத்தான் ஓடினார். மாரத்தான் ஓடியதை எல்லோரும் பகிர்ந்தோம். அந்தக் காது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. வாசல்படியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அக்கா இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள், பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டாள். “எத்தனை பேரச் சுட்டீங்க?” என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் தம்பியிடம் யாரையும் அதைக் கேட்கவிடாதீர்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

எங்கள் கரையில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பிரிவு தொடங்கிய வருடமே, 1987ல், அதன் வீரர்கள் யாழ்ப்பாணத்தில் புலிகள் வசமிருந்த குருநகர் இறங்குதுறைக்கு இரவில் கடல்வழியாகப் போய்த் தாக்கினார்கள். அதை நடத்தியவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். நாடு முழுக்க அது ஒரு வீரக்கதை. எங்களுக்கு எதிர்க்கரை. மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு படித்தவர்கள் நாங்கள். மச்சான் இந்தப் பிரிவில் சேர்ந்ததும் என் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்தக் கரைக்குப் போகச் சொன்னா போவியா தம்பி?” மச்சான் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அனுப்பினா போகணும் மாமா” என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். பொய் சொல்லவில்லை என்பதற்காகவே பிறகு அக்காவைக் கொடுத்தார் என்று அம்மா சொல்வாள். அந்த மாதிரி அழைப்பு அவர் காலத்தில் வரவில்லை. ஆனால் கேள்வி வந்தது, அதைச் சுமந்துகொண்டுதான் பதினைந்து வருடம் வேலை பார்த்தார்.

ஓய்வு பெற்ற பிறகான இரண்டு வருடங்கள்தான் மோசம். சண்டை, குடி எதுவும் கிடையாது. மச்சான் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஊர்க்கூட்டம் பத்து மணிக்கு என்றால் ஒன்பது ஐம்பதுக்குப் போய் உட்கார்ந்திருப்பார், பதினொன்றரைக்கு ஆட்கள் வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் காவலாளி வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வயதில் காலை முதல் மாலை வரை கதவு திறந்து மூடும் வேலை. அதைக் குறைவாக நினைக்கவில்லை, நேர்த்தியாகச் செய்தார். வீட்டுக்கு வந்தால் பேச்சு இருக்காது. அக்கா ஆக்கி வைத்த நண்டுக் குழம்பை மூன்று நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார், ருசி கேட்டால் “நல்லா இருந்துச்சு” அவ்வளவுதான். கடலில் ஒருநாள்கூடக் குளிக்கவில்லை. சிறுவயதில் கரையேற மறுத்து அடி வாங்கியவர்! நான் அவரைக் குறை சொன்னபோது அக்கா சொன்னது நினைவிருக்கிறது. “அங்க ஒவ்வொருத்தருக்கும் அடுத்தவன் என்ன செய்வான்னு தெரியும்டா. இங்க யாரு என்ன செய்வாங்கன்னு அவருக்குத் தெரியல. அதான்.”

அப்புறம் ஒரு மார்கழி இரவு. நாட்டுப்படகில் போன இரண்டு பையன்கள் திரும்பவில்லை. வாடைக்காற்று கடுமையாக இருந்தது. கரையில் ஊரே கூடிக் கத்திக்கொண்டிருந்தது, ஐந்து படகுகளை ஒரேயடியாகத் தள்ளப் பார்த்தார்கள். மச்சான் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து, படகை முதலில் தள்ள வந்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், டீசல் எவ்வளவு, நங்கூரம் இருக்கிறதா, வலை எங்கே விடுவார்கள், கடைசியாகப் பார்த்தது யார், அப்போது காற்று எந்தப் பக்கம்? பத்து நிமிடம் கேள்வி மட்டும்தான். பையன்களின் தாய் அவரைத் திட்டினாள், நானும் மனதுக்குள் திட்டினேன். கடலோரக் காவல்படைக்கு 1554ல் தகவல் சொல்லச் சொன்னார். பிறகு இரண்டே படகு, படகுக்கு மூன்று பேர், ஒன்றின் விளக்கு மற்றதற்கு எப்போதும் தெரிய வேண்டும் என்றார். நான் அவர் படகில் இருந்தேன். அப்பா தீவைத் தாண்டித் தென்மேற்கே, காற்று தள்ளியிருக்கக்கூடிய பக்கமாக இரண்டு மணி நேரம் தேடினோம். மூன்று மணிக்கு மேல் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எஞ்சின் பழுதாகி, நங்கூரம் போட்டு, குளிரில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கரையேறும்வரை விரலை விடவில்லை. ஆறு பேர் போனோம், எட்டுப் பேர் வந்தோம்.

மறுநாள் காலை டீ கொண்டுபோனேன். கிளாஸ் அவர் கையில் அப்படி நடுங்கியது. திண்ணையில் வைத்துவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். “இப்பத்தான் பயம் வருது. அங்கயும் இப்படித்தான், வேலை முடிஞ்சாத்தான் வரும்” என்றார். அந்த ஒரு காலையில்தான் அவர் என்னோடு மனம்விட்டுப் பேசினார். பயம் போய்விடுமா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். போவதில்லை. காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், காத்திருந்த பயமெல்லாம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேருகிறது. அப்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார். ஜோடி இல்லாமல் எவனும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, ஒருவன் ஏறினால் ஜோடியும் ஏற வேண்டும். போன மாதம் அவரே முங்கி ஒரு சங்கை எடுத்துவந்து கடைசிப் பயலிடம் காட்டிவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே போட்டார்.

ஆக, அதே தம்பி வருவானா என்றால், வருவான். ஆனால் அவனுக்கு இன்னொரு சொந்தமும் உண்டாகியிருக்கும். மச்சானின் ஜோடிக்காரர் ஹரியானாவில் இருக்கிறார். தினமும் இரவு ஒன்பது மணிக்கு அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். மச்சான் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுப்பார். பேச்சு கிடையாது. ஒருநாள் மச்சானுக்குக் காய்ச்சல், போன் அணைந்து கிடந்தது. ஒன்பது பத்துக்கு அக்கா போன் அடித்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. “ஃபீவர், ஃபீவர்” என்று இவள் கத்த, அவர் “ஓகே, ஓகே” என்று சொல்லி வைத்தார். அன்றைக்கே அக்கா அந்த நம்பரைத் தன் போனில் ‘அண்ணன்’ என்று பதிந்துகொண்டாள்.