செடி செழிக்கிறது, காய் இல்லை

கேள்வி: தொட்டியில் வைத்த தக்காளிச் செடிகள் இடுப்பளவு உயர்ந்து, கரும்பச்சை இலைகளோடு நிற்கின்றன. பூக்கள் மட்டும் மிகக் குறைவு. வாரந்தோறும் கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றி வருகிறேன். இன்னும் என்ன உரம் இட வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் இட வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. தழைச்சத்து வாரந்தோறும் தடையின்றிக் கிடைக்கும்போது, தக்காளி தன் வலிமையை எல்லாம் இலையிலும் தண்டிலும் செலவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறது. இயற்கை உரம்தானே, கூடினால் என்ன கெட்டுவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். புண்ணாக்கு மண்ணில் சிதைந்த பின் வேர் உறிஞ்சுவதும், யூரியாவிலிருந்து அது இறுதியில் பெறுவதும் அம்மோனியம், நைட்ரேட் என்னும் அதே வடிவங்களைத்தான் என்பதால், எந்த உரத்துக்கும் அளவு வேண்டும்.

புண்ணாக்குக் கரைசலை மூன்று வாரங்களுக்கு நிறுத்துங்கள். செடிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படுகிறதா என்பதையும் பாருங்கள். நிழலில் நிற்கும் தக்காளிக்கு எந்த உரமும் பூவைத் தராது. மொட்டு தென்பட்டதும் சாம்பல் சத்து கூடுதலாக உள்ள, நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை கரைத்து, பத்து நாள்களுக்கு ஒருமுறை ஊற்றலாம். உரப் பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற வரிசையில் அவற்றின் சதவீதத்தைக் குறிப்பவை. 19:19:19 என்பது மூன்றும் சமமாக உள்ள உரம். அது இளஞ்செடிக்குப் பொருந்தும். காய்க்கும் பருவத்துக்கு மூன்றாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் உரத்தைத் தேர்ந்தெடுங்கள். கீரைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: நாம் பறிப்பதே இலை என்பதால், உங்களிடம் மீதமுள்ள புண்ணாக்கை அதற்குப் பயன்படுத்தலாம்.

கேள்வி: தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து, தோல்போல் சுருங்கி அழுகுகிறது. முட்டை ஓட்டுப் பொடி இட்டும் பயனில்லை. ஏன்?

பதில்: காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த இடத்தில் நீர் கோத்ததுபோல் ஒரு சிறு வட்டம் தோன்றி, சில நாள்களில் அது கறுத்துக் குழிந்தால், காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் அந்தச் சத்து மண்ணில் இருக்கவே செய்யும். அது நீரோடு மட்டுமே செடிக்குள் ஏறுவதால், ஒரு நாள் மண் வெடிக்குமளவு காய்ந்து மறுநாள் தொட்டி நிரம்பி வழிந்தால், இலைகள் தம் பங்கை இழுத்துக்கொள்ள, காயின் நுனி பட்டினி கிடக்கிறது. ஆகவே நீர்ப்பாய்ச்சலைச் சீராக்கி, மண்ணின் மேல் காய்ந்த சருகுகளைப் பரப்புங்கள். முட்டை ஓடு மண்ணில் கரையப் பல மாதங்கள் ஆகும். இந்தக் காய்ப்புக்கு அது உதவாது. கறுத்த காய் மீளாது என்பதால் அதைப் பறித்துவிடுங்கள்.

கேள்வி: மிளகாய்ச் செடியின் இலை நுனிகள் கருகுகின்றன. தொட்டி விளிம்பில் வெண்ணிறப் படிவு தெரிகிறது.

பதில்: அந்த வெண்படிவு பெரும்பாலும் தேங்கிப்போன உர உப்பு. அடித்துளை வழியே நீர் நன்றாக வடியும்வரை நல்ல நீரை மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை ஊற்றுங்கள். தட்டில் வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள், இல்லையேல் உப்பு மறுபடியும் மேலேறும். புதுத் தளிர்கள் கருகாமல் விரிவதைப் பார்த்த பிறகு, முன்பு இட்டதில் பாதி அளவோடு உரத்தைத் தொடங்கலாம்.