எல்லாருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வீட்டுச் சர்வர் பழையதாகிவிட்டது. குடும்பத்துக்குப் புதிதாக அமைக்க எந்த பிராசஸர் வாங்கலாம்?

நாலைந்து பேர் உள்ள வீடு. படங்கள், வீடியோக்கள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள். உங்கள் தேவை இவ்வளவுதான் என்றால் இன்டெல் என்100 தாராளமாகப் போதும். 2023-இல் வந்த 6 வாட் சிப் அது. கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இதைவிடப் பெரியதைத் தேடாதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

செந்தூலில் எங்கள் பழைய சர்வரில் இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். மின்தடையில் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டியான யுபிஎஸ்ஸும் வைத்திருந்தேன். ஒரு நவம்பர் மாலை இடிமழையில் மின்னல் அந்த யுபிஎஸ் பக்கமே வரவில்லை. வாசல் கேட்டில் மாட்டிய கேமராவின் நெட்வொர்க் கேபிள் வழியாக உள்ளே புகுந்தது. பெட்டியைத் திறந்தால் கருகல் வாடை. கேபிள் செருகும் இடத்தில் எட்டு ஊசிகளில் மூன்று உருகி ஒட்டிக் கிடந்தன. இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றாகவே போய்விட்டன.

போனவற்றில் அப்பா எடுத்த தைப்பூசப் படங்களும் அடக்கம். ஒவ்வோர் ஆண்டும் பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே எங்களை நிறுத்தி ஒரு படம் எடுப்பார். 2006-க்கு முந்தைய படங்களில் பின்னால் பெரிய முருகன் சிலை இருக்காது. வெறும் பாறையும் படிகளும்தான். அச்சுப் படங்கள் இருந்த ஆல்பத்தைக் கல்யாண வீடியோவுக்கு என்று ஓர் உறவினர் வாங்கிப் போனார். கேட்கும்போதெல்லாம் "தேடுகிறேன்" என்கிறார். பிறர் வீட்டு ஆல்பத்தை இரவல் வாங்குபவர்கள் அதை நகைபோல் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டாமா? இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

இரண்டு டிஸ்க் இருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். மின்னல் பாய்ந்தாலும் இரண்டும் போகும். அது காப்புப் பிரதி ஆகாது. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

புதிய சர்வரில் கேமராவுக்கு ஃபைபர் கேபிள் போட்டிருக்கிறேன். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரண்டு முனைகளிலும் ஒளியையும் மின்குறிப்பையும் மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அவ்வளவுதான். டிஸ்க்குகளில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, மாதம் ஒருமுறை அது எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும். மூன்றாவது பிரதி வெளியூரில், பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. இரவில் புதிய கோப்புகள் மட்டும் போய்ச் சேரும். மாத முதல் ஞாயிறு அங்கிருந்து ஒரு படத்தை இறக்கித் திறந்து பார்க்கிறேன்.

ஆகவே, வெளியூரில் வைக்கப்போகும் டிஸ்க்கை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். பழைய சர்வர் ஓடும்போதே எல்லாவற்றையும் அதில் நகலெடுங்கள். பிராசஸரை அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.