நாடா கட்டிய பந்துக்கு வயது என்ன? – பழைய கூடைப்பந்துப் பொருள் சேகரிப்பு: கேள்வி-பதில்

நியூஜெர்சியில் இருக்கும் என் மகன், அங்கே ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது நாடா கட்டிய தோல் கூடைப்பந்து ஒன்றை வாங்கியிருக்கிறான். "1891-இல் ஆடிய பந்து" என்று சொன்னார்களாம். நிஜமா? காற்றடித்துப் பார்க்கலாமா? – வாசகி, கோவை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. தயவுசெய்து காற்றடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் பை இத்தனை ஆண்டுகளில் அப்பளமாக இறுகியிருக்கும். அது தாங்கினாலும் தையல் தாங்காது. எண்ணெய், பாலிஷ் எதையும் தடவவும் வேண்டாம். தோல் கறுத்து, அதில் அச்சிட்ட எழுத்து மறைந்துவிடும்.

1891 என்பதற்கு வாய்ப்பே இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் ஆடியது கால்பந்தைக் கொண்டுதான். பக்கத்துக்கு 9 பேர், இரண்டு பீச் பழக்கூடைகள், ஒரே ஒரு புள்ளி. கூடைப்பந்துக்கென்றே பந்து செய்யும் வேலை அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1890-களின் நடுவில், ஸ்பால்டிங் என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் வழியாகத்தான் தொடங்கியது. வெளியே தெரியும் நாடா 1930-களின் பிற்பாதியில் மறைந்துபோனது. ஆக, உங்கள் மகனின் பந்து இந்த நாற்பது ஆண்டுகளுக்குள் எங்கோ இருக்கிறது.

எங்கே என்பதைப் பந்தே சொல்லும். அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைப் பந்தின் பக்கவாட்டில் தோலை ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத எழுத்தெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழுந்து வரும். "பாஸ்கெட் பால்" என்று இரண்டு சொல்லாகப் பிரித்து அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் 1920-களுக்குள் அடங்கும். பிறகு ஒரு அங்குல டேப். அந்தக் காலக் கால்பந்துக்கும் நாடா உண்டு, அதைக் கூடைப்பந்து என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. கால்பந்தின் சுற்றளவு 27, 28 அங்குலம். பழைய கூடைப்பந்து 30-லிருந்து 32. சப்பையான பந்தில் துல்லியமாக அளக்க முடியாது. ஆனாலும் வித்தியாசம் கைக்குத் தெரியும்.

நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளின் மூலப்பிரதி என்று, மஞ்சள் பூத்த தடித்த காகிதத்தில் ஒருவர் விற்கிறார். இரண்டு லட்சம் கேட்கிறார். – வாசகர், திருநெல்வேலி

கொடுத்துவிடாதீர்கள். மூலப்பிரதி என்று இருப்பது தட்டச்சு செய்த இரண்டே தாள்கள். 2010 டிசம்பரில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் அது 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் டேவிட் பூத். நெய்ஸ்மித் நெடுங்காலம் வேலை பார்த்த அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகத்திலேயே இன்று அது பார்வைக்கு இருக்கிறது. உங்களிடம் காட்டியது பின்னாளில் அலங்காரத்துக்கு அச்சிட்ட நினைவுப்பொருள். சுவரில் மாட்ட அழகாக இருக்கும். அதற்குரிய விலை சில நூறு ரூபாய்.

அந்த மூலத்தாளில் என் மனதை விட்டுப் போகாத ஒரு விஷயம் உண்டு. அடியில் நெய்ஸ்மித் தம் கையாலேயே, இவை மாணவர்கள் தெரிந்துகொள்ளக் கூடத்தில் தொங்கவிட்ட முதல் வரைவு என்று எழுதி, பிப்ரவரி 1892 என்று குறித்திருக்கிறார். ஆனால் ஆட்டம் நடந்தது டிசம்பரில். விதிகள் 1892 ஜனவரியிலேயே பள்ளியின் இதழில் அச்சாகிவிட்டன. குறிப்பை அவர் எழுதியது 1931-இல், நாற்பது ஆண்டு கழித்து. பொருளை உண்டாக்கியவர் எழுதிய தேதியையே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. விற்பவர் சொல்லும் தேதியை அப்படியே நம்பலாமா?

விதிகள்தான் உங்கள் ஆசை என்றால், ஸ்பால்டிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட விதிக் கையேடுகளைத் தேடுங்கள். சின்னஞ்சிறு புத்தகங்கள். 1901-இல் வந்த பெண்களுக்கான பதிப்பைத் தொகுத்தவர் ஸ்மித் கல்லூரியின் செண்டா பெரன்சன். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகராமல் பெண்கள் ஆடிய ஆட்டம் அதில் இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தின் பொருள்களைச் சேகரிப்பவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நெய்ஸ்மித் எழுதிய கூடைப்பந்து வரலாற்று நூலின் முதல் பதிப்பு, அவருடைய கையெழுத்துடன் விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். அவர் காலமானது 1939 நவம்பரில். நூல் வெளிவந்தது 1941-இல்.

கூடைப்பந்து வீரர் அட்டைகளில் மிகப் பழையது எது? கல்லூரி மாணவன் நான், எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், தஞ்சாவூர்

தம்பி, பேஸ்பால் அட்டைகள் போலக் குவியல் குவியலாக இங்கே கிடைக்காது. 1933-இல் கௌடி நிறுவனம் சூயிங்கத்தோடு தந்த 'ஸ்போர்ட் கிங்ஸ்' வரிசையின் 48 அட்டைகளில் கூடைப்பந்துக்காரர்கள் நான்கே பேர்: நாட் ஹோல்மன், எட் வாக்டர், ஜோ லாப்சிக், எட்டி பர்க். தொழில்முறைக் கூடைப்பந்துக்கென்றே வந்த முதல் பெரிய வரிசை 1948-இல் போமன் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 72 அட்டை. 69-ஆம் எண் ஜார்ஜ் மைக்கன் என்ற வீரரின் அட்டை; எல்லோரும் துரத்துவது அதைத்தான். அதனால் அதிகம் போலி வருவதும் அதில்தான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மறுபதிப்பு என்றால் பெரும்பாலும் எழுத்தின் ஓரமே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். பழைய அச்சில் எழுத்து முழுக் கறுப்பாக நிற்கும். மைக்கனை விட்டுவிடுங்கள். அதே வரிசையில் ஆளே இல்லாமல், ஆட்ட உத்தியைக் கோடு போட்டுக் காட்டும் அட்டைகள் உண்டு. விலையும் குறைவு, 1948-இல் எப்படி ஆடினார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நான் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

இணைய ஏலங்களில் தேடினால் பழைய பொருள் எதுவுமே கண்ணில் படுவதில்லை. – வாசகர், கோலாலம்பூர்

தேடும் சொல்லை மாற்றுங்கள். "பாஸ்கெட்", "பால்" என்று பிரித்துத் தேடுங்கள். "கேஜர்" என்றும் தேடுங்கள். முன்பு தொழில்முறை ஆட்டங்களைக் கம்பிவலைக் கூண்டுக்குள் (ஆங்கிலத்தில் 'கேஜ்') நடத்தினார்கள். வீரர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "ரென்ஸ்" என்ற சொல்லையும் விடாதீர்கள். 1923-இல் ஹார்லெமில் பாப் டக்ளஸ் தொடங்கிய நியூயார்க் ரெனசான்ஸ் என்ற கறுப்பின அணி அது. 1939-இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியை வென்றவர்கள். அவர்களுடைய ஆட்ட நோட்டீஸ் கிழிந்த நிலையில் கிடைத்தாலும் விடாதீர்கள்.

குறைந்த செலவில் வேண்டுமென்றால் அஞ்சல்தலைகள். கூடைப்பந்தைக் காட்டிய முதல் அஞ்சல்தலையாகச் சேகரிப்பாளர்கள் கொண்டாடுவது 1934-இல் பிலிப்பைன்ஸ் வெளியிட்டதை. நெய்ஸ்மித்தின் நூற்றாண்டுக்கு 1961 நவம்பர் 6 அன்று அமெரிக்கா வெளியிட்ட 4 சென்ட் தலை மிக மலிவு.

என் தாத்தா 1930-களில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். கூடைப்பந்து அணியோடு அவர் இருக்கும் படம் ஒன்று பீரோவில் இருக்கிறது. ஓரம் கிழிந்திருக்கிறது, லேமினேட் செய்துவிடட்டுமா? – வாசகி, சென்னை

வேண்டவே வேண்டாம். தொடக்க காலத்தில் நானும் ஒரு குழுப்படத்தை அப்படிச் செய்தேன். உள்ளே ஈரம் சிக்கி, இரண்டு மழைக்காலத்தில் முகங்கள் அழிந்துவிட்டன. இன்றும் அதை எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை. செலோடேப்பும் ஒட்டாதீர்கள். அமிலமற்ற காகித உறையில் போட்டு, படுக்கைவாட்டில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பிவிசி உறை ஆகாது. பீரோ வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் சுவரைவிட்டு நகர்த்திவையுங்கள்.

இந்தப் படத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1920-இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் ஆட்டத்தை உருவாக்கிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். உங்கள் தாத்தா ஆடிய ஆட்டம் அங்கிருந்து நேராக வந்தது. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே, யார் யார் என்று கேட்டுப் படத்தின் பின்புறம் மென்பென்சிலால் அழுத்தாமல் எழுதிவையுங்கள். அந்தக் கால அணிப் படங்களில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பந்து இருக்கும். அதில் ஆண்டை எழுதும் வழக்கம் இருந்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.